எனக்கு வெறும் சளிதான்

எங்கள் வீட்டு பால்கனியில் ஒரே ஒரு ஆள் படுக்கலாம். ஒருபக்கம் வாஷிங் மெஷின், இன்னொரு பக்கம் கம்பி. கம்பிக்கு வெளியே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மதியம் தார்ப்பாய் மேல் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் பாயில் மல்லாந்து படுத்து, மூக்கு இரண்டும் அடைத்துப்போய், மாஸ்க்குக்குள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் இருக்கும் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவர் தனபால் நின்றார்.

"வெந்நி வெச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்றார்.

வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். எங்கள் வழக்கம் அது. அவர் டம்ளரைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவார். உள்ளே நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டபிறகு நான் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு டம்ளர் தரையில் படும் சத்தம் கேட்டது. நாற்காலிச் சத்தம் கேட்கவில்லை.

தி. நகர் சேலைக் கடையில் நான் நின்ற இருபத்திரண்டு வருஷத்தைப் பற்றித்தான் இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். வீட்டுக்காரரைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று சிலர் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி எழுதினால் இந்த மதியத்தை எழுதாமல் தப்ப முடியாது. அதனால்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் ஏன் கதவுக்கு அந்தப் பக்கம், நான் ஏன் இந்தப் பக்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊரெல்லாம் தொட்ட கை

அவர் பஸ் கண்டக்டர். சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அடையாறு, மைலாப்பூர், தி. நகர் என்று சுற்றும் வண்டியில்தான் அவருடைய பாதி ஆயுள் போயிற்று. ஆள்காட்டி விரலை உதட்டில் தொட்டு டிக்கெட்டைக் கிழிப்பார். அதே விரலால் சில்லறை கொடுப்பார், கம்பியைப் பிடிப்பார், படியில் தொங்குகிறவனை இழுத்து உள்ளே போடுவார். ஏறுகிற எல்லோரிடமும் பேசுவார். லஸ் கார்னரில் ஏறும் பூக்காரம்மாவின் மருமகளுக்கு எத்தனையாவது மாசம் என்பது வரை தெரியும்.

வருஷத்துக்கு மூன்று நாலு தடவை அவருக்குச் சளி பிடிக்கும். மறுநாளே எனக்கும் வந்துவிடும். "எனக்குப் புடிச்சா மைலாப்பூர்ல பாதி பேருக்குப் புடிச்சிக்கும்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிப்பார். ஒரே சட்டியில் மிளகு ரசம் வைத்து, ஒரே போர்வைக்குள் ஆவி பிடிப்போம். வெந்நீரில் போட்ட நொச்சி இலை வாசனையும், அந்தப் போர்வை இருட்டில் அவருடைய தும்மலும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அப்போதெல்லாம் சளி எங்களுக்குச் சிரிக்கிற விஷயம்.

சளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அம்மாவிடமிருந்து வந்தது. நாங்கள் ஐந்து பிள்ளைகள். மழைக்காலத்தில் ஐந்து பேருக்கும் ஒன்றாக மூக்கு ஒழுகும். அம்மா ஒவ்வொருவர் மேலும் ஒவ்வொரு குற்றம் வைத்திருப்பார். பெரியவன் மழையில் பந்து விளையாடினான். நான் ஈரத்தலையோடு பள்ளிக்கூடம் போனேன். தங்கை கொய்யாப்பழம் தின்றாள். சின்னவன் குச்சி ஐஸ் வாங்கினான். ஒன்றுமே செய்யாத கடைக்குட்டிக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து பேரும் ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடித்தோம், ஒரே போர்வையில் மூக்கைத் துடைத்தோம். ஒருவருக்கொருவர் நாங்களேதான் கொடுத்துக்கொண்டோம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

டாக்டரம்மா சொன்னது

ஐம்பதை நெருங்கும்போது என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து செய்த வேலை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தத்தைச் சுத்தம் செய்து வீட்டுக்கு வந்தால் துணி பிழிந்து போட்டது போலக் கிடப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஒரே அக்கா, அந்த அக்காவுக்கும் சர்க்கரை. என்னுடைய ரத்தம் அவருடைய வகைதான். பரிசோதித்தார்கள், பொருந்தியது. என்னுடையதில் ஒன்றை எடுத்து அவருக்கு வைத்தார்கள்.

அதைச் செய்ததற்காக என்னை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கடையில் எங்கள் மேற்பார்வையாளர் அண்ணாச்சி எழுந்து நின்று பேசினார். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், தூங்கினேன், விழித்தபோது விலாவில் வலித்தது. உண்மையில் கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.

டிஸ்சார்ஜ் செய்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். அவர் உடம்பு என் சிறுநீரகத்தை வேற்று ஆளாக நினைத்து விரட்டப் பார்க்கும். அப்படி விரட்டாமல் இருக்க, காலையும் மாலையும் நேரம் தவறாமல் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் காவலையே தளர்த்திவிடும். ஆகவே மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இவரைப் படுக்கவைத்துவிடும் என்றார்.

"எதுக்கும்மா ரொம்ப பயப்படணும்?" என்று கேட்டேன்.

"சளிக்கு" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, இனிமேல் இவரை மழையில் நனைய விடமாட்டேன், தயிர் கொடுக்கமாட்டேன் என்று அம்மாவின் பட்டியலை ஒப்பித்தேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மழையிலிருந்து சளி வருவதில்லை, மனுஷரிடமிருந்துதான் வருகிறது என்றார். தும்மினாலும் இருமினாலும் காற்றில் வரும். அதைவிட மோசம் கை. மூக்கைத் துடைத்த கை கதவைத் தொடும், அந்தக் கதவை இன்னொரு கை தொடும், அந்தக் கை கண்ணைக் கசக்கும். மழைக்காலத்தில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் அடைந்து கிடப்பதால் அப்போது அதிகமாகப் பரவுகிறது. சளிக்குக் காரணமான கிருமி ஒன்றல்ல, எத்தனையோ வகை. அதனால் அதற்குத் தடுப்பூசி கிடையாது, நேராகக் கொல்லும் மருந்தும் கிடையாது. சோப்பு, தண்ணீர், மாஸ்க், காற்றோட்டம், தள்ளி இருப்பது. கையில் இருப்பது அவ்வளவுதான் என்றார்.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். தொண்டை கரகரப்பதற்கு முதல் நாளே, தனக்குச் சளி என்று தெரியாதபோதே, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடலாம். இந்த ஒரு வாக்கியம்தான் இன்றுவரை என்னைத் தூங்க விடுவதில்லை.

சரோஜா அண்ணி

அன்றிலிருந்து நான் காவல்காரி ஆனேன். கடையிலிருந்து வந்ததும் செருப்பை வெளியே விட்டு, நேராகக் குளியலறை. கட்டியிருந்த சேலை தனி வாளியில். தலைக்கும் சேர்த்துக் குளித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. ஆடித் தள்ளுபடி தொடங்கிப் பொங்கல் முடியும் வரை கடையில் கூட்டம் நெரியும். அந்த மாதங்களில் அவர் அறையில் படுப்பார், நான் ஹாலில். எனக்குச் சளி வந்துவிட்டால் பால்கனிக்குப் போய்விடுவேன். கீழ்வீட்டு மாமி, சாரலில் படுத்தால் சளி இன்னும் ஏறாதா என்று கேட்டார். காற்று வருகிற இடம்தான் மாமி நல்லது என்றேன். அவர் நம்பவில்லை.

ஊரோடு பேசிக்கொண்டே வாழ்ந்த மனிதர் அவர். மருத்துவ ஓய்வில் வீட்டுக்குள் அடைந்தார். பால்கனியில் நின்று காய்கறி வண்டிக்காரரோடு பேசுவார். வண்டிக்காரர் இருமுகிறார், உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடுவேன். பழைய நண்பர்கள் வந்தால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போடுவேன். கொஞ்ச நாளில் அவர்கள் வருவது நின்றது.

அவருடைய அக்கா சரோஜா அண்ணி கே.கே. நகரில் இருக்கிறார். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்து, பட்டுப் புடவை கட்டி, தாம்பாளத்தில் பத்திரிகையும் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தேன். அண்ணி மூக்கை உறிஞ்சினார். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, சளியா?" என்றேன்.

லேசாக, அலைச்சல், தண்ணீர் மாறியது என்றார். நான் நகரவில்லை. உள்ளே விட முடியாது என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தணிந்த குரலில்தான் சொல்லியிருப்பேன். அண்ணி என்னைத் தாண்டித் தம்பியைப் பார்த்தார். அவர் ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அண்ணி தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். இரண்டாம் மாடி வரை செருப்புச் சத்தம் கேட்டது. அங்கே நின்று அழுதிருக்கிறார் என்று கீழ்வீட்டு மாமி பிறகு சொன்னார்.

என் கணவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் மாத்திரை கொடுக்கும்போது மட்டும், "எங்கக்கா இடுப்புல வளந்தவன் நானு" என்றார். கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. முகூர்த்தத்தின்போது யாரோ போன் செய்து மேளச் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

எல்லோரும் மாஸ்க் போட்ட காலம்

நடுவில் கொரோனா வந்தது. ஊருக்கே கெட்ட காலம். எங்கள் தெருவிலும் இரண்டு பேர் போனார்கள். ஆனாலும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்கள் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான். கடை மூடிவிட்டது, நான் வெளியே போகவில்லை, யாரும் உள்ளே வரவில்லை. ஊரே எங்களைப் போலக் கையைக் கழுவிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. இத்தனை நாள் நான் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்றவர்கள் போன் செய்து எந்த மாஸ்க் நல்லது என்று கேட்டார்கள்.

அந்த மாதங்களில் நான் அறையிலேயே படுத்தேன். அவர் பகல் பூராவும் பேசினார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் ஏறுவார்கள், யார் எங்கே இறங்குவார்கள் என்று பஸ்ஸை வீட்டுக்குள் ஓட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

பிறகு கடை திறந்தது. ஒரு வருஷம் போனது. எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டார்கள். நான் மட்டும் கழற்றவில்லை.

குழந்தையின் கை

பட்டு செக்‌ஷனில் எங்களுக்கு மேற்பார்வை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். மாஸ்க் போட்டுக்கொள்ள எனக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். ஆனால் முதலாளி மாடிக்கு வந்தால் இறக்கிவிட வேண்டும், வாடிக்கையாளருக்குச் சிரித்த முகம் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்த மாடி எப்படி இருக்கும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஏசிக்காக எல்லாம் சாத்திய அறை. தோளோடு தோள் ஜனம். நாங்கள் விரித்துப்போடும் சேலையை ஒருவர் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், அடுத்தவர் அதே முந்தானையை வாங்கித் தோளில் போடுவார். கொடுக்கல் வாங்கல் சேலையில் மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பில் முடிந்ததும் பாத்ரூமுக்கு ஓடிக் கை கழுவினால் வேலை போய்விடும். சானிடைசர் குப்பியை இடுப்பில் சொருகியிருந்தேன்.

அன்றைக்கு முதலாளி மாடியில் இருந்தார். மாஸ்க் தாடையில் இருந்தது. ஒரு அம்மா குழந்தையை என் மேஜைமேல் உட்காரவைத்துவிட்டுச் சேலை பார்த்தார். ஒன்றரை வயசிருக்கும். இரண்டு மூக்கிலும் சளி வழிந்து மேலுதட்டில் காய்ந்திருந்தது. அதைக் கையால் தேய்த்துக்கொண்டது. என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த நொடி அந்த ஈரக் கையை என் கன்னத்தில் வைத்தது.

பக்கத்து மேஜையில் இருந்த ஷகிலா பார்த்துவிட்டாள். ராயப்பேட்டைப் பெண், என் கதை முழுக்கத் தெரிந்தவள். "அக்கா, போய் மூஞ்சி கழுவு, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் போவதற்குள் அந்த அம்மா இன்னொரு சேலையை விரிக்கச் சொன்னார். விரித்தேன். முதலாளி நின்றுகொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் போக முடிந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அவருக்கு என் கையால் சாதம் பிசைந்துகூடக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை தொண்டையில் முள் போல ஒன்று. மதியத்துக்குள் தும்மல். பட்டு மேல் தும்மக் கூடாது. அண்ணாச்சி கூப்பிட்டு, "வீட்டுக்குப் போம்மா, ரெண்டு நாள் படு" என்றார். நான் போன் செய்து என் கணவரை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் நேராக பால்கனிக்குப் போனேன். சாப்பாடு தெருமுனை மெஸ்ஸிலிருந்து வந்தது. அது சனிக்கிழமை.

அந்த மதியம்

ஞாயிற்றுக்கிழமை டம்ளரை வைத்தவர் போகவில்லை என்று சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதுகைச் சாய்த்தபோது கதவு லேசாக அசைந்தது.

போங்கள் என்றேன். போகிறேன் என்றார். பேச்சுக் கொடுத்தார். இந்த வருஷம் கடையில் என்ன புதுசு என்றார். மூக்கடைத்த குரலில் பதில் சொன்னேன். அதேபோலப் பேசிக் காட்டினார். நான் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கொஞ்ச நேரம் இருமினேன். அது அடங்கும் வரை காத்திருந்தார்.

பிறகு சொன்னார்: "வசந்தா, நான் கடைசியா யார் கைய தொட்டேன் தெரியுமா? ரத்தம் எடுக்க வந்துச்சே ஒரு பொண்ணு, அதோட கைய. அதுவும் கிளவுஸ் போட்டுக்கினு இருந்துச்சு."

முந்தாநாள் சாதம் பிசைந்து கொடுத்தேனே என்று நினைத்தேன். அதையும் தட்டில்தான் வைத்தேன்.

கதவு திறந்தது. அவர் மாஸ்க் போட்டிருக்கவில்லை. அங்கிருந்த வாளியைக் காலால் நகர்த்திவிட்டு, எனக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்தார்.

"வேணாங்க" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

"சும்மா இரு" என்றார். கையை என் நெற்றியில் வைத்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி வைத்து, எடுக்கவில்லை.

நான் எழுந்திருக்க வேண்டும். அவரை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். மாத்திரை போட்டிருந்தேன், தூக்கம் அழுத்தியது. அதைக் காரணமாகச் சொல்லலாம். பல வருஷம் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு நன்றாக நினைவு இருந்தது. அவர் உடம்புச் சூடு என் பக்கத்தில் இருந்தது. அது நகர்ந்துவிடக் கூடாது என்று அசையாமல் கிடந்தேன்.

அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது மழை விட்டிருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். என் மாஸ்க் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அப்போதாவது எழுப்பியிருக்கலாம். பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

மூச்சு

புதன்கிழமை அவர் தும்மினார். "வந்துடுச்சு" என்று சிரித்தார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்யலாம் என்றேன். சளிதானே, ஒரு நாள் பார்க்கலாம் என்றார். நானும் ஒரு நாள் பார்த்தேன். போன் செய்தால் வீட்டில் யாருக்குச் சளி என்று முதல் கேள்வியே கேட்பார்கள் என்பதும் மனதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை காலை குளியலறையிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்றார். ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். எடுத்தவுடன் ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரல் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிறது என்று படத்தைக் காட்டினார்கள்.

டாக்டரம்மா வந்தார். "வீட்ல யாருக்காவது சளி இருந்துச்சா?" என்றார்.

"எனக்கு லேசா இருந்துச்சும்மா. தள்ளித்தான் இருந்தேன்" என்றேன்.

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க்கைக் கையால் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "கிட்டவே வுடாது டாக்டர். பால்கனில கதவ சாத்திக்கினு படுத்துக்கும்."

டாக்டரம்மா என் தோளைத் தட்டினார். அதுதான் என் கணவர் எனக்காகப் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாள் மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்கள்.

சளிக் கிருமியில் தொடங்கி, அதன்மேல் வேறு கிருமி ஏறி நிமோனியா ஆகிவிட்டது என்று விளக்கினார்கள். உடம்பின் காவல் திரும்பட்டும் என்று மாத்திரையைக் குறைத்தார்கள். குறைத்ததும் நான் கொடுத்த சிறுநீரகம் நிற்கத் தொடங்கியது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவியது. தினமும் கையைக் கழுவி, கவுன் போட்டு, மாஸ்க் போட்டு உள்ளே போய்ப் பத்து நிமிஷம் நிற்பேன். எனக்கு அதற்குள் சளி போய்விட்டது. மூக்கு சுத்தமாகத் திறந்திருந்தது. மருந்து வாசனை, டெட்டால் வாசனை எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

தீபாவளி போய் மூன்றாம் நாள் காலை அவர் போனார். டாக்டரம்மாவிடம் தனியாக ஒன்று கேட்டேன், என்னிடமிருந்து வந்திருக்குமா என்று. வந்திருக்கலாம், சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியாத அந்த முதல் நாளிலேயே போயிருக்கலாம், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். எனக்கு ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அப்படியானால் சாதம் பிசைந்த அந்தச் சாயங்காலமா, ஞாயிற்றுக்கிழமை மதியமா? எந்த டாக்டரும் எனக்குப் பிரித்துச் சொல்லப்போவதில்லை.

கே.கே. நகர்

சரோஜா அண்ணி வந்தார். அழுது முடித்தபிறகு, சாவுக்கு வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கி நீ செஞ்சதுதான் சரி வசந்தா. நான்தான் புரிஞ்சிக்கல. என்னை மன்னிச்சிடும்மா."

அண்ணி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து அண்ணிக்கு நான் தங்கை மாதிரி. வெள்ளிக்கிழமை தோறும் காலையில் போன் செய்வார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் தம்பிக்குத் தன் உறுப்பையே கொடுத்தவள் என்று சொல்வார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் பத்திரிகையை அண்ணி வாரம் தவறாமல் வாங்குகிறார். அதனால் இதை எழுதுவதற்கு முன்னால் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். மதியம், வீட்டில் அவர் மட்டும்தான். எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் கை, பால்கனி, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய், அதற்கு உங்கள் தம்பி துணை பேசியது, எல்லாம். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"அவனுக்குத் தெரியுமில்ல? உனக்கு சளின்னு தெரிஞ்சிதான உள்ள வந்தான்?" என்றார்.

"தெரியும் அண்ணி."

அண்ணி கீரையைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "அவனுக்குப் போதும்னு ஆயிடுச்சா?"

இத்தனை வருஷமும் நான் எனக்குள் கேட்க விடாமல் அமுக்கி வைத்திருந்த கேள்வி அது. நெற்றியில் வைத்த அந்தக் கை ஆசையில் வந்ததா, அலுப்பில் வந்ததா? நான் காவல் காத்துக் காத்து அந்த வீட்டை அவர் இருக்க முடியாத இடமாக ஆக்கிவிட்டேனா?

"தெரியல அண்ணி" என்றேன்.

அண்ணி எழுந்துபோய்ச் சாதம் போட்டுக்கொண்டு வந்தார். சாப்பிடு என்றார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் தட்டைக் கழுவிவிட்டு வந்தபோது அவர் உள் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வருகிறேன் அண்ணி என்றேன். உம் என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது. போன் வரவில்லை.